மறதிக்குக் கணக்கு எழுதுதல்

கொட்டியாரக்குடாவின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் றொபர்ட் நொக்ஸைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. 1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிப் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புதிய மரம் தேடியும் வியாபாரம் நாடியும் திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே விரியும் இக்குடாவுக்கு வந்து நங்கூரமிட்டது. 1660 ஏப்ரலில் கப்பற் தலைவரான தந்தையும், மகன் நொக்ஸும், மாலுமிகளுமாகப் பதினாறு பேர் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் கழித்து, 1679இல் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவருடைய நூல் 1681இல் லண்டனில் வெளிவந்தது.

வரலாற்று மாணவர் இந்நூலைப் புரட்டுவது நெல்லுக்காகவும், வரிக்காகவும், சாதி அமைப்புக்காகவும், அரசனின் குணத்துக்காகவும். முப்பது வருடம் பாடசாலையில் வரலாறு படிப்பித்த நானும் அவ்வாறே படிப்பித்தேன். ஆனால் அதில் பலரும் கடந்து போகும் ஒரு பகுதி உண்டு. கண்டி இராச்சியத்து மக்களில் சிலர் திடீரெனத் தம் வசமிழந்து போவதை நொக்ஸ் தம் கண்ணால் கண்டு பதிகிறார். சிலர் அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்களாம். எவருக்கும் தீங்கு செய்யவில்லையாம். சிலர் பேச்சற்று நடுங்கி ஆடினார்களாம். நெருப்பை மிதித்தும் சுடுபடவில்லையாம். இந்நிலை சிலருக்கு இரண்டு மூன்று நாள் நீடித்தது. சிலருக்கு இரண்டு மூன்று மாதம் நீடித்தது. நொக்ஸ் தம் காலத்துக் கிறிஸ்தவர். ஆகவே அதைப் பிசாசின் வேலை என்றார். காரணம் பற்றிய அவரது முடிவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், குறிப்பு மிக நேர்த்தியானது. என்ன நடந்தது, எவ்வளவு காலம் நீடித்தது, பிறருக்குத் தீங்கு நேர்ந்ததா என்ற மூன்றையும் அவர் பிரித்துப் பிரித்துச் சொல்கிறார்.

இந்தப் பகுதியில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. நான் பல வருடங்களாக மனப் பிரிகைக் கோளாறு ஒன்றுடன் வாழ்ந்து வருபவன். நொக்ஸ் வெளியிலிருந்து பார்த்து எழுதிய நிலைக்கு உறவான ஒன்றை நான் உள்ளிருந்து பார்த்து எழுத வேண்டியவனாக இருக்கிறேன். அங்கேதான் சிக்கல். வசமிழந்து ஓடியவனைப் பார்த்து நொக்ஸ் குறிப்பெடுக்கலாம். ஓடியவனே எப்படிக் குறிப்பெடுப்பது? மறந்தவன் தன் மறதியை எதைக் கொண்டு அளப்பது? இக்கேள்விக்கு மனிதர் காலந்தோறும் கண்ட விடைகளைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பொருளும்

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். நினைவு, 'நான்' என்ற உணர்வு, உடல், சூழல் ஆகியவை சாதாரணமாக ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டே இருக்கின்றன. அந்தக் கோர்வை கழன்று போவதையே மனப் பிரிகை என்கிறேன். சிலருக்கு வாழ்வின் ஒரு பகுதி நினைவிலிருந்து முழுமையாகவே போய்விடும். சிலர் தம் கையைத் தாமே பார்த்து, இது யாருடைய கை என்று திகைப்பர். சிலருக்குச் சுற்றியுள்ள உலகம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பது போலத் தெரியும். மிகச் சிலரிடம் வெவ்வேறு ஆளுமைகள் மாறி மாறி முன்வரும். இது மனச்சிதைவு நோயன்று. இரண்டும் வேறு, மருத்துவமும் வேறு.

2005ஆம் ஆண்டில் 'சந்திரமுகி', 'அந்நியன்' என்ற இரு தமிழ்ப் படங்கள் வெளிவந்தன. அவை இக்கோளாற்றைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தன என்பது உண்மை. ஆனால் அவை கொண்டு சேர்த்தது கொலைவெறி கொண்ட இன்னொரு முகத்தை. நடைமுறையில் இக்கோளாறு உள்ளவர் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கிறார். அடுத்த வீட்டாருக்கும் தெரியாது. கணக்குக் கேட்டால் மட்டும் விழிப்பார். நொக்ஸ் கண்டவர்களும் எவருக்கும் தீங்கு செய்யாதவர்களே.

எமது பகுதியில் இதற்கு வேறு சொற்கள் உண்டு. 'ஜின் புடிச்சிரிக்கி' என்பர். 'பிரமை புடிச்ச மாதிரி' என்பர். ஓதிப் பார்ப்பர், தண்ணீர் ஓதிக் கொடுப்பர். ஜின்களின் இருப்பு எமது நம்பிக்கையைச் சார்ந்தது. அதை இங்கு வழக்காட நான் வரவில்லை. ஓதிய தண்ணீரைக் குடித்து ஆறுதல் கண்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் அடித்தும் புகைபோட்டும் விரட்டுவது நோயாளியை மேலும் நோகச் செய்கிறது. பயத்தால் கழன்ற கோர்வை இன்னொரு பயத்தால் பூட்டப்படுவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பில் 'உருவேறல்' ஒரு கோளாறாக 1992ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இடம்பெற்றது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராவது பதிப்பிலும் அது உண்டு. அங்கு ஒரு முக்கியமான வரையறை சொல்லப்பட்டிருக்கிறது. அந்நிலை ஒருவரின் விருப்பமின்றி நேர்ந்து, அவருடைய சமூகமோ சமயமோ ஏற்றுக்கொண்ட வழக்கத்துக்குப் புறம்பாக இருந்து, அவருக்குத் துன்பமோ முடக்கமோ விளைவித்தால் மாத்திரமே அது நோய். கிழக்கில் றிபாயீ றாத்திபு நடக்கும் சபைகளில் பாவாமார் கூரிய கம்பியை உடலில் ஏற்றி வலியறியாது நிற்பதை வாசகர்களில் பலர் கண்டிருப்பர். அது சரியா பிழையா என்று எமது ஆலிம்கள் வாதிடுவது வேறு விடயம். மருத்துவக் கண்ணில் அது நோயாகாது. அவர்கள் வாசலைத் தாமே திறக்கிறார்கள். ஸலவாத்தோடு தாமே மூடுகிறார்கள். எனக்கு வாசல் தானாகத் திறக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வேறுபாடு.

கஸ்ஸாலியின் பேரேடு

தன்னைத் தானே அளப்பது எமது மரபுக்குப் புதிதன்று. அதன் பெயர் முஹாஸபா. அதாவது கணக்குப் பார்த்தல். 857இல் மறைந்த பக்தாதின் ஹாரிஸ் என்ற பெரியார், இதில் கொண்ட ஈடுபாட்டாலேயே 'அல்-முஹாஸிபி' எனப் பெயர் பெற்றார். இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா'வின் நாற்பது நூல்களில் முப்பத்தெட்டாவதை இதற்கே ஒதுக்கினார். அங்கு அவர் எடுத்துக்கொள்ளும் உவமை கடைத்தெருவிலிருந்து வருவது. அறிவு முதலாளி, நஃப்ஸ் பங்காளி. முதலாளி காலையில் பங்காளியுடன் நிபந்தனை பேசுகிறான். பகல் முழுவதும் கண்காணிக்கிறான். மாலையில் வரவு செலவு கேட்கிறான். வியாபாரச் சமூகமான எமக்கு இதைவிட விளங்கும் உவமை வேறில்லை.

இந்த உவமையில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தன்னைத் தான் அளப்பதற்கே மனிதன் தன்னை இரண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நலமுள்ள மனத்தில் இந்த இருவரும் மாலையில் ஒரே மேசையில் அமர்வர். பிரிகை உள்ளவனின் மாலையில், பங்காளி சில பக்கங்களைக் கிழித்துக்கொண்டு போயிருப்பான். சில நாட்களில் முதலாளியே கடையில் இருப்பதில்லை.

கஸ்ஸாலியின் வாழ்விலேயே இது தொடர்பான ஒரு நிகழ்ச்சி உண்டு. பக்தாத் நிழாமிய்யாவின் தலைமை ஆசிரியராக இருந்த அவருக்கு 1095ஆம் ஆண்டில் நா எழவில்லை. மாணவருக்குப் பாடம் சொல்ல முயன்றும் ஒரு சொல் வரவில்லை. உணவும் இறங்கவில்லை. இது உள்ளத்தில் தொடங்கி உடலுக்குப் பரவியது. உள்ளத்துக் கவலை தீராமல் மருந்து பலிக்காது என்று வைத்தியர்கள் கைவிட்டனர். இதனை அவரே தம் தன்வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். இமாமுக்கு இன்றைய நோய்ப்பெயரைச் சூட்டுவது என் நோக்கமன்று. ஏறத்தாழ ஆறு மாதம் தான் தத்தளித்ததை ஒரு பேரறிஞர் வெட்கமின்றி வரிசைப்படுத்தி எழுதினார் என்பதும், வைத்தியர்களின் கூற்றையும் தம் கணக்கோடு சேர்த்து எழுதினார் என்பதுமே நான் சொல்ல வருவது. அவர் தம் சாட்சியத்தோடு பிறர் சாட்சியத்தையும் வைத்தார்.

இன்னொரு துறைமுகம்

இக்கோளாற்றைப் பற்றிய நவீன ஆய்வும் ஒரு துறைமுகப் பட்டினத்தில்தான் வளர்ந்தது. பியர் ஜானே என்ற இளம் பிரெஞ்சு ஆசிரியர் 1883 முதல் 1889 வரை லு ஆவ்ர் துறைமுக நகரின் பாடசாலையில் மெய்யியல் படிப்பித்தார். ஓய்வு நேரத்தில் அங்குள்ள நோயாளிகளை அவதானித்தார். லெயோனி என்ற நாட்டுப்புறப் பெண் செயற்கைத் துயிலில் வேறொருத்தியாகப் பேசியதையும், விழித்ததும் அதை அறியாதிருந்ததையும் பதிந்தார். 1889இல் வெளியான தமது ஆய்வேட்டில், தாங்க முடியாத அனுபவம் நினைவிலிருந்து அழிவதில்லை, நினைவின் பொது ஓட்டத்திலிருந்து பிரிந்து தனியே நின்று தொழிற்படுகிறது என்ற கருத்தை நிறுவினார்.

1891இல் நடந்த ஒரு சம்பவம் பின்னர் அவரது கவனத்துக்கு வந்தது. ஒரு பெண்ணிடம் அவளது கணவன் இறந்துவிட்டான் என்று எவனோ விளையாட்டாகப் பொய் சொன்னான். அந்த அதிர்ச்சியின் பின் அவளிடம் எந்தப் புதிய நினைவும் தங்கவில்லை. காலையில் கண்டவரை மாலையில் அறியாள். ஆனால் இரவில் தூக்கத்தில் அந்தச் சம்பவங்களைப் பேசினாள். பக்கத்தில் படுத்தவர்கள் கேட்டார்கள். அதாவது, நினைவு அவளிடம் இருந்தது. அவள் கைக்கு எட்டவில்லை. அவளிடமே கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றே சொல்லியிருப்பாள். உண்மை அடுத்த கட்டிலில் இருந்தவர்களிடம் இருந்தது.

முதலாம் உலகப் போரில் பிரித்தானிய மருத்துவர் சார்ள்ஸ் மையர்ஸ் இதே நிலையைப் படைவீரர்களிடம் கண்டார். எறிகணை வெடித்தபின் நினைவும் பார்வையும் மணமும் சுவையும் குன்றிய மூவரைப் பற்றி 1915இல் எழுதினார். பின்னர் 1940இல் வெளியிட்ட நூலில், இத்தகையவரிடம் இரண்டு நிலைகள் மாறி மாறி வருவதாகச் சொன்னார். ஒன்று, அன்றாட வேலைகளைச் செய்யும், வெளிப்பார்வைக்கு இயல்பாகத் தோன்றும் நிலை. மற்றது, அந்த வெடிப்பிலேயே இன்னும் நின்றுகொண்டிருக்கும் நிலை. அந்நூல் வெளியாகி இரண்டு வருடத்தில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் குண்டு வீசித் தாக்கின. அழிந்த எண்ணெய்க் குதங்களுக்குக் கணக்கு இருக்கிறது. அன்று ஓடிய எமது ஊரவரின் மனங்களுக்கு ஒருவரும் கணக்கு எழுதவில்லை.

இருபத்தெட்டுக் கேள்விகள்

1986இல் அமெரிக்காவில் ஈவ் பேர்ன்ஸ்டைன், பிராங்க் பட்னம் ஆகிய இருவர், பிரிகை அனுபவங்களை அளக்கும் ஒரு வினாக்கொத்தை வெளியிட்டனர். அதில் இருபத்தெட்டுக் கேள்விகள். இன்ன அனுபவம் உங்களுக்கு நூற்றுக்கு எத்தனை வீதம் நேர்கிறது என்பதே ஒவ்வொன்றின் வடிவம். மதுவோ போதைப்பொருளோ பாவித்த வேளைகளைச் சேர்க்கக்கூடாது. எல்லா விடைகளையும் கூட்டி இருபத்தெட்டால் பிரித்தால் ஒரு புள்ளி வரும். முதலாவது ஆய்வில் சாதாரண வளர்ந்தோரின் நடுப்புள்ளி சுமார் 4. போர் முதலிய அதிர்ச்சியின் பின்விளைவுகளால் வருந்தியோருக்குச் சுமார் 31. பல்லாளுமை கொண்டோருக்குச் சுமார் 57. முப்பதைத் தாண்டினால் மருத்துவரிடம் விரிவான பரிசோதனை அவசியம் என்பது பின்னர் நடைமுறையானது. முப்பது என்பது எச்சரிக்கை மணியே தவிரத் தீர்ப்பு அன்று.

கேள்விகள் எல்லாம் ஒரே தரத்தவையல்ல. சில எவருக்கும் நேர்வன. வாகனத்தில் பயணம் செய்தவர் வழியின் ஒரு பகுதி நினைவில் இல்லாததை உணர்வது பற்றிய கேள்வி அத்தகையது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை இரும்புப் பாதையில் ஏறியே நாம் கடந்தோம். இக்கரையில் ஏறியது ஞாபகம் இருக்கும். அக்கரையில் இறங்கியது ஞாபகம் இருக்கும். நடுவில் இருந்த தண்ணீர் ஞாபகம் இராது. அது நோயன்று, பழக்கம். படத்திலோ புத்தகத்திலோ மூழ்குவதும், வெறிக்கப் பார்த்துக்கொண்டிருப்பதும் அவ்வாறே. ஆனால் ஓர் இடத்தில் நிற்கிறீர்கள், எப்படி வந்தீர்கள் என்று தெரியவில்லை. கண்ணாடியில் தெரிபவரை அடையாளம் தெரியவில்லை. உடல் உங்களுடையது போல் இல்லை. இவை வேறு இனம். 1996இல் இவற்றுள் எட்டைத் தனியே பிரித்தெடுத்து, நோயைச் சுட்டுபவை இவையே என்று கருதினர்.

வரலாற்று ஆசிரியனாகிய என்னை ஈர்த்தது இந்த வினாக்கொத்தின் ஒரு நுட்பம். மறதி பற்றிய இடங்களில் அது 'நீங்கள் மறக்கிறீர்களா' என்று மாத்திரம் கேட்பதில்லை. வாங்கியதாக நினைவில்லாத பொருள் உங்கள் உடைமைகளுக்குள் கிடைக்கிறதா? எழுதியதாக நினைவில்லாத எழுத்தோ வரைந்த படமோ கிடைக்கிறதா? நீங்கள் செய்ததாக நினைவில்லாத காரியத்தை நீங்கள்தான் செய்தீர்கள் என்பதற்குச் சான்று கிடைக்கிறதா? உங்களுக்குத் தெரியாதவர் உங்களைத் தெரிந்தவர்போல் வந்து பேசுகிறாரா? இவை நினைவைக் கேட்கவில்லை, தடயத்தைக் கேட்கின்றன. வரலாற்றாசிரியனின் கேள்விகளும் இவையே. அரசன் ஒருவன் தன் தோல்வியைக் கல்வெட்டில் வெட்டமாட்டான். எதிரியின் சாசனத்திலும், நாணயத்திலும், வழிப்போக்கரின் குறிப்பிலும்தான் அதைத் தேடுகிறோம்.

அலையும் நடையும்

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரையை அடித்தது. திருகோணமலை மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிண்ணியாவும் மூதூரும் பெரிதும் அடிபட்டன. கிண்ணியா ஆஸ்பத்திரியையே அலை அழித்தது. அதன்பின் உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் உதவி நிறுவனங்கள் வந்தன. கூடாரமும் அரிசியும் வந்ததுபோல் வினாத்தாள்களும் வந்தன. அவற்றில் பல, எங்களிடம் எது இருக்க வேண்டும் என்பதை முன்னரே தீர்மானித்தவை. காயத்திரி பெர்னாண்டோ என்ற இலங்கை உளவியலாளர், எம் நாட்டு மக்கள் துன்பத்தை மனத்துக்குள் நிகழ்வதாகக் காட்டிலும் உடல் வலியாகவும் உறவிலும் கடமையிலும் நேர்ந்த முறிவாகவுமே சொல்கிறார்கள் என்று எடுத்துக்காட்டி, இம்மக்களின் சொற்களிலிருந்தே ஓர் அளவுகோலை ஆக்கினார். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே இவ்வழியில் உழைத்தார். அவரது 'வடுப்பட்ட மனங்கள்' பற்றிய ஆங்கில நூல் 1998இல் வெளியானது.

அலை வடிந்து இரண்டு வருடம் நிறையவில்லை. 2006 ஜூலையில் மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டதைத் தொடர்ந்து போர் மூண்டது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் விடுதலைப் புலிகள் மூதூர் நகருக்குள் நுழைந்தனர். எறிகணைகள் வீழ்ந்தன. பாடசாலைகளிலும் அறபுக் கல்லூரியிலும் தஞ்சம் புகுந்திருந்த மக்கள், பல்லாயிரக்கணக்கில், கந்தளாயை நோக்கி நடந்தனர். அதே நாட்களில் மூதூரில் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் பதினேழு பேர் கொல்லப்பட்டனர். இவை யாவும் பதிவாகியவை.

அந்த நடையில் நானும் இருந்தேன். வீட்டுக் கதவைப் பூட்டியது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. திறப்பைச் சட்டைப்பையில் போட்டதும் நினைவிருக்கிறது. அதன்பின் எனக்குத் தெரிவது கந்தளாயில் ஒரு பாடசாலை வகுப்பறை. கரும்பலகையில் பாதி அழிந்த ஒரு கணக்கு. இடையில் ஒன்றுமில்லை. இருட்டுகூட இல்லை. இருட்டென்றால் இருட்டாக இருந்தது என்ற நினைவாவது இருக்கும்.

அந்த இடைவெளியை மற்றவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். நான் இயல்பாகப் பேசிக்கொண்டே நடந்தேனாம். பக்கத்து வீட்டுச் சிறுவனின் உம்மா களைத்துச் சாய்ந்தபோது அவனை வாங்கி, நெடுந்தூரம் தோளில் சுமந்தேனாம். அவன் இன்று வளர்ந்த மனிதன். பெருநாள் தோறும் வந்து ஸலாம் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வான். "நீங்கதானே சேர் என்ன தூக்கிட்டு வந்த" என்பான். அவன் நன்றி சொல்லும் ஆளை நான் சந்தித்ததில்லை. மையர்ஸ் சொன்ன, வெளிப்பார்வைக்கு இயல்பாகத் தோன்றிய அந்த ஒருவன்தான் அன்று பிள்ளையைச் சுமந்தவன். பிரிகை என்பது பழுது மாத்திரமன்று என்பதை நான் அறிந்தது இப்படித்தான். கோர்வை கழன்றதால்தான் அன்று கால்கள் நடந்தன. கந்தளாயை அடைந்த பின்னும், ஊர் திரும்பிய பின்னும், போர் முடிந்த பின்னும் அது கழன்று கழன்று போவதுதான் நோய்.

மூன்று நிரல்கள்

பல வருடம் கழித்து ஒரு மருத்துவர் முதலில் வலிப்பு நோய் இல்லை என்பதைப் பரிசோதித்து உறுதி செய்தார். இது முக்கியமானது. சிலவகை வலிப்பும், தூக்கமின்மையும், சில மருந்துகளும் இதே தோற்றத்தைத் தரும். பிரிகைக்கென்று தனி மருந்து இல்லை; கூடவே வரும் சோர்வுக்கும் பதற்றத்துக்குமே மருந்து. முதன்மையான சிகிச்சை, நம்பிக்கைக்குரிய ஒருவருடன் ஒழுங்காக, அவசரமின்றிப் பேசுவது. அவர்தாம் அந்த இருபத்தெட்டுக் கேள்விகளை எனக்குத் தந்தார்.

நான் அதை முதலில் தனியே நிரப்பியபோது வந்த புள்ளி 22. இரண்டு கிழமை கழித்து, மனம் கலங்கியிருந்த ஒரு நாளில் நிரப்பியபோது 37. மூன்றாம் முறை, மறதி பற்றிய கேள்விகளை என் மனைவியிடம் வாசித்துக் காட்டி அவரது விடையைக் குறித்தபோது 43. ஒரே மனிதன், மூன்று புள்ளிகள். எது சரி என்று மருத்துவரிடம் கேட்டேன். மூன்றையும் திகதியிட்டு வையுங்கள் என்றார். தேறிய நாளில் விடையளிப்பவன் தேறியவன். அவனுக்கு மற்றவனைப் பற்றி அதிகம் தெரியாது. ஆகவே ஒற்றைப் புள்ளிக்கு மதிப்பில்லை. மாதக்கணக்கில் அது எத்திசையில் போகிறது என்பதற்கே மதிப்பு.

அதன்பின் ஓர் அப்பியாசக் கொப்பியில் மூன்று நிரல்கள் கீறினேன். முதல் நிரலில் எனக்கு நினைவிருப்பது. இரண்டாவதில் தடயம்: பஸ் டிக்கட், கடைச் சிட்டை, தொலைபேசியில் பேசிய நேரம். மூன்றாவதில் பிறர் சாட்சியம். மூன்றும் ஒத்தால் அந்த நாள் முழுமை. முதலாவது வெறுமையாகி மற்ற இரண்டும் நிரம்பியிருந்தால் அது கழன்ற நேரம். "அஸருக்குப் பொறகு நான் எங்க இரிந்த?" என்று கேட்பேன். "இஞ்சதான் இரிந்தீங்க. கடலப் பாத்துக்கிட்டு இரிந்தீங்க. கூப்பிட்டா திரும்பல்ல" என்பார் மனைவி. அவர் முகத்தில் சலிப்பு இராது. அதை அப்படியே எழுதுவேன்; விளக்கம் எழுதமாட்டேன். நொக்ஸைப் போல, என்ன நடந்தது, எவ்வளவு நேரம், எவருக்கேனும் பாதிப்பா என்று மட்டும்.

ஒரு காரியத்தைச் செய்தோமா, செய்வதாக நினைத்தோமா என்று தெரியாமல் போவதும் அந்த வினாக்கொத்தில் உண்டு. தொழுகையில் இது என்னை மிகவும் வாட்டியது. எமது மத்ஹபில் இதற்கு எளிய விதி ஒன்று இருப்பதைச் சிறுவயதில் ஓதியவர் அறிவர். மூன்று றக்அத்தா நான்கா என்று ஐயம் வந்தால் உறுதியான குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு மிகுதியை நிறைவேற்ற வேண்டும். இறுதியில் மறதிக்கான ஸுஜூது இரண்டு செய்ய வேண்டும். மறதியைக் குற்றமாக்காமலும், இல்லையென்று மறைக்காமலும், அதற்கென ஓர் இடம் ஒதுக்கி முடித்துவிடும் ஏற்பாடு இது. என் கொப்பிக்கும் இதே விதியை வைத்துக்கொண்டேன். உறுதியானதை மாத்திரம் எழுது; மிகுதியை மீண்டும் செய்; ஐயத்தை ஐயமென்றே குறித்து மூடிவிடு.

மூடுவது அவசியம். தன்னையே ஓயாது உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது அந்நியமான உணர்வைக் கூட்டும் என்பதை இத்துறை ஆய்வாளர் சொல்கின்றனர். என் கை என்னுடையதுதானா என்று நாளுக்கு நூறு முறை பார்த்தால் எவருடைய கையும் அந்நியமாகத்தான் தெரியும். வுழூவில் ஐயம் கொண்டு திரும்பத் திரும்பக் கழுவுவோரை எமது பெரியோர் வஸ்வாஸ் என்று கண்டித்தது இதே அனுபவத்தால்தான். கஸ்ஸாலியின் முதலாளியும் கணக்குக் கேட்பது மாலையில், நிமிடந்தோறும் அல்ல. இஷாவுக்குப் பின் பத்து நிமிடம். மாதம் ஒருமுறை அந்த இருபத்தெட்டுக் கேள்விகள். மிகுதி நேரம் வாழ்வதற்கு.

ஊரின் கொப்பி

தனிமனிதனுக்குச் சொன்னது ஊருக்கும் பொருந்துமா என்ற கேள்வி ஒரு வரலாற்று ஆசிரியனுக்கு எழாமல் இராது. 2006ஐப் பற்றி எமது மக்கள் பேசும்போது கதவைப் பூட்டியதும் கந்தளாயை அடைந்ததும் விரிவாக வரும். அதே மாதங்களில் சம்பூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் தமிழ் மக்கள் எறிகணைக்குத் தப்பி ஓடியதும், அவர்களில் பலர் 2015க்குப் பின்னரே தம் நிலத்தைக் கண்டதும் அந்தப் பேச்சில் ஓரிரு சொல்லாகக் கழியும். அவர்களுடைய பேச்சில் எமது நடையும் அவ்வாறே ஓரிரு சொல்தான். ஒவ்வொரு சமூகமும் தன் முதல் நிரலை மட்டும் நிரப்பி, அதையே முழுக் கணக்கென்று வைத்திருக்கிறது. இதை நோய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. சமூகங்களை அளக்க இருபத்தெட்டுக் கேள்விகளும் இல்லை. ஆனால் இரண்டாம் நிரலும் மூன்றாம் நிரலும் எங்கே இருக்கின்றன என்பது தெரிந்ததே. கிராம சேவையாளரின் பதிவேட்டிலும், ஆஸ்பத்திரிக் குறிப்பிலும், குடாவின் அடுத்த கரையில் வாழ்பவரின் வாயிலும் அவை இருக்கின்றன.

என்னைப்போல் வாழ்பவர்கள் இக்குடாவைச் சுற்றி இன்னும் பலர் இருப்பர். பேயென்றும் நடிப்பென்றும் பெயர் வாங்கிக்கொண்டு வீட்டு மூலையில் இருப்பர். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது சிறிது. உங்கள் நினைவை மாத்திரம் சாட்சியாக அழைக்காதீர்கள். அதனிடம் இல்லாததை அதனால் தர முடியாது. ஒரு கொப்பி வாங்குங்கள். உங்களைக் கடிந்துகொள்ளாமல் உண்மை சொல்லக்கூடிய ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வந்த புள்ளி எதுவாயினும் அது உங்கள் பெயரன்று. என் கொப்பியில் வெற்றாகக் கிடக்கும் முதல் நிரல்களுக்கு நேரே மனைவியின் வார்த்தைகள் இருக்கின்றன. 2006 ஆகஸ்டுக்கு நேரே அந்தப் பிள்ளையின் வார்த்தை இருக்கிறது. அதையும் என் கணக்கில்தான் வரவு வைத்திருக்கிறேன்.